புது நெல்லோடு சிவனொளிபாதம்

கிளிநொச்சியில் எங்களுக்கு உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். அந்த ஊரிலிருந்து, உச்சியில் சிவனின் பாதம் பதிந்திருப்பதாக நாங்கள் கும்பிடும் சிவனொளிபாதமலைக்குப் போக அப்பா பல வருடம் காத்திருந்தார்.

அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயல் செய்தவர். போர் முடிந்த 2009 இல் செட்டிகுளம் அகதி முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துதான் நேர்ந்தார்: பிள்ளைகளோடு திரும்பவும் வயலில் இறங்கினால் புது நெல்லைக் கொண்டுவந்து பாதத்தில் வைக்கிறேன் என்று. இறங்கினோம். ஆனால் கிணறு, அக்காவின் கலியாணம், அம்மாவின் வருத்தம் என்று நேத்தி தள்ளிக்கொண்டே போனது. இந்த மாசியில் காலபோக அறுவடை முடிந்த கையோடு புறப்பட்டுவிட்டோம்.

ஹட்டனில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நல்லதண்ணிக்கு இனி பஸ்ஸே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தார். பஸ் அவருக்குப் பின்னால் நின்றது. சுவாமியிடம் போகிறவர்களிடம் இப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!

மவுசாகலை நீர்த்தேக்கம் தெரிந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பழைய மஸ்கெலியா அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அதுவரை என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டவர், அங்கிருந்து 'புள்ள' என்று கூப்பிடத் தொடங்கினார்.

இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். வழியில் சீத கங்குல ஓடையில் முகம் கழுவும்போதே கை மரத்துவிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். போயா எனும் பௌர்ணமி விடுமுறைச் சனம் வேறு. பாதிக்கு மேல் ஒரு படி ஏறப் பத்து நிமிடம் நின்றோம், பின்னாலிருந்து தள்ளினார்கள். களைத்துப்போய் நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கியது, எழும்பினால் முழங்கால் மடங்க மறுத்தது. இறங்கி வந்த ஒரு சிங்கள ஆச்சி "கருணாவை" என்று யாத்திரிகர் வாழ்த்தைச் சொல்லி, தன் தைலத்தை எடுத்து என் காலில் தேய்த்துவிட்டார்.

"உக்காராத புள்ள. நின்னு மூச்சு வாங்கு. மேல வெளிச்சத்தப் பாக்காத, அடுத்த படிய மட்டும் பாரு. நேரா ஏறாம குறுக்கால கால வை" என்றார் அப்பா. கொழுந்துக்கூடையோடு சரிவு ஏறிய தாய்க்குப் பின்னால் நடந்து பழகிய கால்கள் அவருடையவை. சரி என்று அவர் சொன்னபடியே ஏறினேன். ஏற முடிந்தது.

2,243 மீற்றர். உச்சியில் காற்று அறைந்தது. பாதத்தின் முன் அப்பா துணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல் விறைத்து முடிச்சு அவிழவில்லை. பின்னால் சத்தம் போட்டார்கள். உதவப்போன என் கையைத் தள்ளிவிட்டுப் பல்லால் இழுத்தார். நெல் சிந்தியது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பாதத்தில் வைத்து, நெற்றியை வைத்தவர் எழும்பவே இல்லை. "கொண்டாந்துட்டேன் சாமி" என்றது மட்டும் கேட்டது. அப்பனே, முகாமில் நீ கேட்டது அந்தக் குரலைத்தானே! எங்களில் ஒருவரையும் குறைக்காமல் கொண்டுவந்து சேர்த்தாயே!

சூரியன் வந்ததும், முக்கோணமாக விழுந்த மலையின் நிழலும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. கண்ணை நீர் மறைத்துவிட்டது.

எத்தனை தரம் ஏறினோமோ அத்தனை தரம் மணி அடிக்க வேண்டும். சிறுவனாகத் தன் அப்பாவோடு மூன்று தரம் ஏறியவர், நான்கு தரம் அடித்தார். பிறகு கயிற்றை என் கையில் தந்தார்.