சதுரம் சதுரமாக மறைந்த நிலம்: லேண்ட்ஸ்கேப் பணிக்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5-இல் ஒரு லேண்ட்ஸ்கேப் (நிலப்பரப்பு). லேண்ட்ஸ்கேப் அளவு 1009 × 1009 புள்ளிகள்: மொத்தம் 64 கம்போனென்ட் (சதுரத் துண்டு), ஒவ்வொன்றும் 126 × 126 கட்டம், ஒரு கட்டம் 1 மீட்டர். புல், மண், பாறை, மணல், சரளை, சேறு என்று பிரஷ்ஷால் தீட்டும் ஆறு லேயர் (மேற்பரப்பு வகை).

பிரஷ் ஓடுகிறது, நிறம் ஒட்டவில்லை. இந்த நிலையில் பிரஷ்ஷின் வலிமையை ஏற்றிப் பார்ப்பது வீண். பெயிண்ட் தாவலில் ஒவ்வொரு லேயருக்கும் லேயர் இன்ஃபோ என்ற தகவல் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தி வெயிட்-பிளெண்டட் (ஒரு லேயரின் எடை கூடினால் மற்றவற்றின் எடை குறையும்) வகையில் உருவாக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த லேயர் எவ்வளவு என்ற எடை அதன் பெயரில்தான் பதிகிறது.

மெட்டீரியலில் (மேற்பரப்பின் தோற்றத்தை வரையறுப்பது) நிறம், நார்மல் (மேடுபள்ளத் தோற்றம்), ரஃப்னஸ் (சொரசொரப்பு) மூன்றுக்கும், லேயர்களைக் கலக்கும் தனித்தனி லேயர் பிளெண்ட் நோட் இருந்தால் மூன்றிலும் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் எடிட்டர் அதைப் புது லேயராகக் காட்டும். நிறம் மாறும், நார்மல் பழையதாகவே நிற்கும்.

மார்ச் 4, செவ்வாய்

பாறையும் சரளையும் சேரும் இடத்தில் கருந்திட்டுகள். காரணம், எல்லா லேயரும் ஹைட் பிளெண்டில் (உயர மதிப்பைப் பார்த்துக் கலக்கும் முறை) இருப்பது. ஓரிடத்தில் எல்லா உயர மதிப்பும் 0 ஆகிவிட்டால் கலப்பதற்கு எடையே மிஞ்சாது, கறுப்பு வந்துவிடும். அடித்தளமான மண்ணை மட்டும் உயரத்தைப் பார்க்காத ஆல்ஃபா பிளெண்டுக்கு மாற்றியதும் திட்டுகள் போய்விட்டன.

மார்ச் 6, வியாழன்

இன்றையது கொஞ்சம் பெரிய விஷயம். சேற்றைத் தீட்டத் தொடங்கியதும் ஆற்றங்கரையில் சில சதுரங்கள் மட்டும் எஞ்சினின் சாம்பல் நிறக் கட்டம்போட்ட மெட்டீரியலுக்குப் போய்விட்டன. பக்கத்துச் சதுரங்களில் ஒரு குறையும் இல்லை.

அன்ரியல் முழு நிலத்துக்கும் ஒரே ஷேடரை (மெட்டீரியலை வரையும் கிராஃபிக்ஸ் நிரல்) தொகுப்பதில்லை. ஒவ்வொரு கம்போனென்டிலும் எந்தெந்த லேயர் தீட்டப்பட்டிருக்கிறதோ, அவற்றுக்கு மட்டும் தொகுக்கிறது. ஆறு லேயரும் சந்திக்கும் சதுரத்தில், லேயருக்கு மூன்று டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) வீதம் 18 சாம்ப்ளர் (டெக்ஸ்சரைப் படிப்பதற்கான இடம்) வேண்டும். ஷேடர் மாடல் 5 என்ற கிராஃபிக்ஸ் தரநிலையின் வரம்போ 16. வரம்பு மீறிய சதுரம் தொகுக்கப்படாமல் பொது மெட்டீரியலுக்கு விழுகிறது. பிழை பிரஷ்ஷில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது: பிரஷ் வட்டமாக ஓடும், கெடுவது சதுரமாக இருக்கும்.

தீர்வு: ஒவ்வொரு டெக்ஸ்சர் சாம்பிள் நோடிலும் சாம்ப்ளர் சோர்ஸை ‘ஷேர்டு: ராப்’ என்று மாற்றுங்கள். எல்லா டெக்ஸ்சரும் ஒரே சாம்ப்ளரைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு நோடை விட்டுவிட்டாலும் அதற்குத் தனியிடம் போகும். ஸ்டாட்ஸ் பலகத்தில் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது நல்லது. லைட்மேப் (முன்பே கணக்கிட்ட ஒளிப்படம்) போன்றவற்றுக்கு எஞ்சினும் சில இடங்களை எடுத்துக்கொள்ளும் என்பதால் 16-ஐயும் நிரப்பத் துணிய வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி

சாம்ப்ளர் சிக்கல் தீர்ந்தாலும் ஒரு சதுரத்தில் ஆறு லேயர் என்பது வேகத்துக்குக் கேடு. காட்சி முறைப் பட்டியலில் லேண்ட்ஸ்கேப் விஷுவலைசர்ஸ், அதில் லேயர் யூசேஜ். எந்தக் கம்போனென்டில் எத்தனை லேயர் என்று நிறங்களாகத் தெரியும். கண்ணுக்கே புலப்படாத மெல்லிய தீற்றலும் ஒரு லேயராகக் கணக்கில் வரும். ஷிஃப்ட் பிடித்து வலிமை 1-இல் அழித்தால் அந்த எடை பூஜ்ஜியமாகும். ஆனால் அழிப்பதைவிட, வேண்டிய லேயரை மேலே தீட்டுவதே மேல்: வெயிட்-பிளெண்டட் லேயரை அழிக்கும்போது காலியான எடை எந்த லேயருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை.

மார்ச் 10, திங்கள்

காய்ந்த மண் ஈரமாகப் பளபளத்தது. ரஃப்னஸ் அடங்கிய டெக்ஸ்சரில், நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அது மதிப்புகளைக் குறைத்துப் படிப்பதால் மினுமினுப்பு கூடுகிறது. அதை அணைத்து, சுருக்க முறையை ‘மாஸ்க்ஸ்’ (நிறமல்லாத மதிப்புகளுக்கான தேர்வு) ஆக்கியதும் சரியானது.

ஒற்றையடிப்பாதை இன்னும் பாக்கி. எடைப்படத்தில் மீட்டருக்கு ஒரு புள்ளிதான் என்பதால் 40 செ.மீ. அகலப் பாதையைப் பிரஷ்ஷால் கூர்மையாகத் தீட்ட முடியாது. அதை டெக்காலாக (நிலத்தின் மேல் ஒட்டும் படம்) வைத்து, இரு ஓரமும் சரளையை மெலிதாகத் தூவ வேண்டும்.