கட்டில் உயரத்தில் ஓர் ஆறு

ஜூன் 8, ஞாயிறு

மீன் தொட்டி வந்து இறங்கியது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். ஸ்டாண்டை இவ்வளவு தாழ்வாக யாரும் கேட்பதில்லை என்றார் தச்சர். நான் அப்பாவின் கட்டிலை அளந்துதான் உயரம் கொடுத்திருந்தேன். தலையணையைச் சரித்து வைத்துப் படுத்துப் பார்த்தேன். தொட்டியின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வருகிறது.

ஜூன் 9

ஆஸ்பத்திரியில் அப்பாவின் ரத்தப் பரிசோதனை எண் 5.8.

ஜூன் 11

எந்த ஆறு என்று முடிவு செய்யாமல் ஒரு மீன்கூட வாங்கக் கூடாது. தென் அமெரிக்கா முழுக்க ஒரே தண்ணீரா என்ன? ஓரினோகோ சமவெளியிலிருந்து வரும் ரேம் மீனுக்கு 28, 29 டிகிரி வேண்டும். மேற்கு அமேசானின் நியான் டெட்ராவுக்கு அந்தச் சூடு நாள்பட ஆகாது. இரண்டையும் சேர்த்து விட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஏதோ ஒன்று உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ரியோ நீக்ரோ என்று முடிவு செய்துவிட்டேன். கொலம்பியாவில் கிளம்பி, பிரேசிலுக்குள் வந்து, மனாவுஸ் நகரத்தருகே சோலிமோயிஸ் ஆற்றோடு சேர்கிறது. சேர்ந்த பின்பும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்குக் கறுப்பும் காவியுமாக இரண்டும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய காட்டின் இலைகள் ஊறி இறங்கிய சாறு. கையில் அள்ளினால் பால் விடாத டீ நிறம். கால்சியம், உப்பு எதுவும் ஏறக்குறைய கிடையாது. பிஹெச் 4, 5 என்று இருக்கும். ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பானது, சென்னையில் ஹீட்டரே வேண்டாம்.

கார்டினல் டெட்ரா அந்த ஆற்றின் மீன். நியானுக்குச் சிவப்பு பாதி உடம்பிலேயே நின்றுவிடும். கார்டினலுக்குத் தலைப்பக்கத்திலிருந்து வால் வரை ஓடும்.

எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900. அதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது.

ஜூன் 12

அண்ணன் போன் செய்தான். புதிதாக ஒன்றுமில்லை. 5.6.

ஜூன் 15, ஞாயிறு

கொளத்தூர் மீன் கடைகள். மீன் எதுவும் வாங்கவில்லை, பார்க்க மட்டும் போனேன். மணல் இரண்டு மூட்டை, டிரிஃப்ட்வுட் மூன்று துண்டு எடுத்தேன். கிளைகள் மேலிருந்து கீழே தொங்குகிற மாதிரி வைக்க வேண்டும். அங்கே மீன்கள் மூழ்கிய மரங்களின் வேர்களுக்கும் கிளைகளுக்கும் நடுவில்தான் வாழ்கின்றன.

கடைக்காரர் ஏஞ்சல் காட்டினார். நாணய அளவுக் குஞ்சுகள், தொட்டிக்கு நாலு விடலாம் என்றார். அமேசான் மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குச் சின்ன டெட்ரா சரியாகப் பொருந்தும். காலையில் எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று அப்பா கண்டுபிடிப்பார். அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், "கண்ணாடி சுத்தமாயிருக்கும், சக்கர் ஒண்ணு எடுத்துக்கோங்க மேடம்." இங்கே எல்லோருக்கும் இதைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் தென் அமெரிக்க மீன்தான். கையளவுகூட இல்லாததை வாங்கிப் போனால் ஒன்றரை அடி வரை வளரும். பிறகு வளர்க்க முடியாமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகி, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழிக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போல, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜூன் 16

கழிவைத் தின்னும் பாக்டீரியா வளர அம்மோனியம் குளோரைடு கலந்தாயிற்று. தொட்டியில் அம்மோனியா 2. அப்பா 5.1.

ஜூன் 19

செடி விஷயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கறாராகப் பார்த்தால் ரியோ நீக்ரோவின் தண்ணீருக்கடியில் செடி அதிகம் இல்லை. வெளிச்சம் இறங்காது, சத்தும் கிடையாது. மணல், இலைக்குப்பை, மரம், அவ்வளவுதான். ஆனால் அப்பா போன வாரம் சொன்னார்: "பச்சையா ஏதாவது வைம்மா." எட்டு மணி நேரம் பழுப்பையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரிடம் ஆற்றின் நியாயத்தைப் பேச முடியுமா?

கடைத் தட்டில் இருந்தவற்றில் அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்கா, ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியா. கிரிப்டோகோரைன் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உண்டு. எதுவும் ஆகாது. அமேசான் சுவார்ட் இரண்டு எடுத்தேன். பின் மூலையில் நட்டு, வேருக்கடியில் உர வில்லை புதைத்தேன், அது வேரால் தின்னும் செடி. மேலே மிதக்க ஃபிராக்பிட். வெளிச்சத்தை மட்டுப்படுத்தும், தொங்கும் வேர்களுக்கடியில் மீன் பயமில்லாமல் நிற்கும்.

வரும் வழியில் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அதுவும் அமேசான் படுகையிலிருந்து வந்ததுதான்.

ஜூன் 22

சுவார்ட் இலைகள் கரைகின்றன. நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலைகள் இப்படித்தான் போகும், நடுவில் புதுக் குருத்து வர வேண்டும். தெரியும். தெரிந்தும் மணிக்கொருமுறை போய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 25

வார்டில் அரை மணி நேரம் விட்டார்கள். "மீன் விட்டாச்சா?" இன்னும் இல்லைப்பா, பாக்டீரியா வரணும். "வரட்டும், வரட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 27

பிரேசிலில் பார்செலோஸ் என்று ஓர் ஊர், ரியோ நீக்ரோ கரையில். கார்டினல் பிடிப்பது அங்கே பலருக்கு நெடுநாள் பிழைப்பு. பியாபெய்ரோ என்பார்கள் அந்த மீனவர்களை. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து, ஒன்று கார்டினல், மற்றது டிஸ்கஸ் என்று திருவிழா கொண்டாடுகிறது. இந்தச் சின்ன மீனால் வருமானம் வருகிறவரை காட்டை வெட்டிப் பிழைக்க வேண்டியதில்லை என்பது அங்கே பலகாலமாகச் சொல்லப்படும் வாதம். ஆற்றில் பிடித்த மீனை வாங்குவது பாவம் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

குருத்து வந்துவிட்டது! ஒரே ஒரு இலை, மெலிதாக, கண்ணாடி மாதிரி.

ஜூலை 1

அம்மோனியா இறங்குகிறது, நைட்ரைட் ஏறுகிறது. அண்ணனுக்குக் கோபம். வெறும் தண்ணீருக்கு இத்தனை நாளாக ஃபில்டர் ஓடுகிறது, அப்பா வருவதற்குள் நாலு மீன் விட்டால் என்ன என்கிறான். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறினால் செவுள் எவ்வளவு அடித்தாலும் ஆக்சிஜன் உடம்புக்குப் போகாது. மூச்சு முட்டுகிற ஒன்றை அப்பாவின் முகத்துக்கு நேரே வைக்கச் சொல்கிறானா?

ஜூலை 2

நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை எனலாம். அது பாட்டுக்குச் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் இரவு பகலாக அதை வெளியே தள்ளும், உப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ரியோ நீக்ரோ மாதிரி உப்பே இல்லாத தண்ணீரில் இது எவ்வளவு பெரிய வேலை! விரல் நீளம்கூட இல்லாத உடம்பு.

அப்பாவுக்கு இன்று முதல் நாளுக்கு 800 மில்லி தண்ணீர்தான்.

ஜூலை 4

6.3.

ஜூலை 6, ஞாயிறு

எங்கும் போகவில்லை.

ஜூலை 8

கோரிடோரஸ், தரையில் மேயும் சின்னக் கெளுத்தி. அடோல்ஃபோய் ரியோ நீக்ரோவின் மேற்பகுதியைச் சேர்ந்தது, அதுதான் சரி. கிடைப்பதோ ஸ்டெர்பாய், பொலிவியா எல்லையோரக் குவாபோரே ஆற்று மீன். சூட்டைத் தாங்கும், நல்ல மீன், ஆனால் வேறு ஆறு. நேற்று இரவெல்லாம் இதே யோசனை. வேறு எதையும் யோசிக்காமலிருக்க இது போதுமானதாக இருந்தது.

இல்லை, ஸ்டெர்பாய் வேண்டாம். மணல் தரை கொஞ்ச நாள் காலியாகக் கிடக்கட்டும்.

ஜூலை 10

அம்மோனியா 0, நைட்ரைட் 0. இரண்டு முறை பார்த்தேன்.

பாக்டீரியாவுக்காகத்தான் இதுவரை போர் தண்ணீர், ரொம்பப் புளித்த தண்ணீரில் அது மந்தமாகிவிடும். இனி ஒன்பது பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர். டிடிஎஸ் 110 வந்தது. பிஹெச்சை 4 வரை இழுக்கப் போவதில்லை, 6.5 பக்கம் நிற்கட்டும். தெருமுனைப் பாதாம் மரத்தடியில் சிவந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவிப் போட்டேன்.

அப்பா 5.4.

ஜூலை 13, ஞாயிறு

கார்டினல் 25, ரம்மிநோஸ் டெட்ரா 12. ரம்மிநோஸும் ரியோ நீக்ரோ படுகையில் உள்ளதுதான். கூட்டம் கலையாமல் ஒரே உயரத்தில் போய் வரும், படுத்திருப்பவருக்குக் கழுத்தைத் திருப்பாமல் தெரியும். தண்ணீரில் ஏதாவது கெட்டால் அதன் சிவந்த மூக்கு வெளிறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைப் பழக்கி, விளக்கை அணைத்துவிட்டு விட்டேன்.

ஜூலை 14

விடியற்காலையில் பார்த்தபோது கார்டினல்கள் நிறமே இல்லாமல் நின்றன. நெஞ்சு அடைத்துவிட்டது. தூங்கும்போது அப்படித்தான் மங்கும். அந்த நீலம் சாயம் இல்லை. தோலுக்குள் அடுக்கியிருக்கும் குவானின் படிகத் தகடுகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில் வருவது. ஜன்னலைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.

37 இருக்கிறது.

ஜூலை 16

4.6! அண்ணன் இரண்டு தடவை சொன்னான்.

ஜூலை 17

ஹேட்செட் மீன் வேண்டாம் என்று எழுதி வைக்கிறேன், மறுபடி ஆசை வரும். மேல்மட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கட்டிலிலிருந்து தெரியாது. மூடியில் சின்ன இடைவெளி இருந்தாலும் துள்ளி வெளியே விழும்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்புவது வெள்ளியோ சனியோ என்கிறார்கள், இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. அபிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட் மீன் ஒரு ஜோடி மட்டும் பாக்கி. கடைக்காரர் நீக்ரோ பக்கத்து மீன் வரும் என்கிறார், எந்த இனம் என்று கேட்டால் பதில் இல்லை. படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.