எனக்குப் பொருந்திய கருமருந்தைக் கண்டுபிடித்த கதை

கொலராடோவில் பியூப்லோ நகரத்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் நியூ மெக்சிகோ எல்லையைத் தாண்டியதும் ராட்டன் வரும். அங்கே விட்டிங்டன் மையம் என்ற துப்பாக்கி சுடும் மைதானத்தில் இரும்பு உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் போட்டி நடக்கிறது. கோழி 200 மீட்டரில், பன்றி 300, வான்கோழி 385, செம்மறிக்கடா 500. குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் சாய வேண்டும். துப்பாக்கி 1896க்கு முந்தைய அமெரிக்க வகையைச் சேர்ந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகவோ அதன் நகலாகவோ இருக்க வேண்டும். ஈயத்தில் வார்த்த குண்டு, தோட்டாவுக்குள் பழைய வகை வெடிமருந்தான கருமருந்து. இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது.

என்னுடையது 1874 ஷார்ப்ஸ் என்ற அமெரிக்கத் துப்பாக்கியின் இத்தாலிய நகல். தோட்டா .45-70, அதாவது 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அளவு. 45 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் 45 பங்கு. 70 என்பது அன்றைய மருந்தின் எடை, 70 கிரெய்ன், நம் கணக்கில் நாலரை கிராம். துப்பாக்கி வாங்கியது சுலபம். அதற்கு எந்த மருந்து என்று முடிவு செய்யத்தான் எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

கருமருந்து என்றால் வெடியுப்பு, கரி, கந்தகம். ஏறக்குறைய 75, 15, 10 என்ற விகிதம். எல்லாரும் அதே மூன்றைத்தான் கலக்கிறார்கள், பிறகு எதில் வித்தியாசம்? கரி எந்த மரத்திலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் அரைத்தார்கள், எவ்வளவு அழுத்தினார்கள், மணிகளை எந்தச் சல்லடையில் சலித்தார்கள் என்பதில்தான். டப்பாவின் மேல் எஃப் என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ அவ்வளவுக்கு மணி நைசு. நைசானது சீக்கிரம் எரியும், அழுத்தமும் கூடும். .45-70க்குப் பெரும்பாலானோர் போடுவது ஓரெஃப்புக்கும் ஈரெஃப்புக்கும் நடுவிலுள்ள ஒன்றரை.

நான் மூன்று பிராண்டில் ஒவ்வொரு டப்பா வாங்கினேன். ஸ்விஸ் ஒன்று, ஓல்டு எயின்ஸ்போர்டு ஒன்று, விலை குறைந்த இன்னொன்று. தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். அதனால் கிளப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டோம்.

தோட்டா நிரப்புவதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் மருந்து ஊற்றுவதுதான். 24 அங்குலப் பித்தளைக் குழாயை நிமிர்த்தி நிறுத்தி, அதன் அடியில் தோட்டாவின் பித்தளை உறையை வைத்து, மேலே புனல் வழியாக மெதுவாக ஊற்ற வேண்டும். தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம் குழாய்க்குள் இறங்கும். அவசரப்பட்டுக் கொட்டினால் உறையின் வாய் வரை வந்து நிற்கும் அதே மருந்து, பொறுமையாக ஊற்றினால் சற்றுக் கீழே படிந்துவிடும். அதன் மேல் ஓர் அட்டை வில்லை. அப்புறம் அச்சில் வைத்து அழுத்துவது. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது, இருந்தால் துப்பாக்கிக் குழலுக்கே ஆபத்து. இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். உறை நிறைய ஊற்றும் இந்த முறை கருமருந்துக்கு மட்டும்தான். இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை இப்படி ஊற்றினால் துப்பாக்கி கையிலேயே சிதறும். இரண்டையும் ஒரே மேசைக்கு நான் கொண்டுவருவதே இல்லை.

அழுத்தும் அளவும் மருந்துக்கு மருந்து மாறுகிறது. ஸ்விஸ் லேசான அழுத்தத்தோடு திருப்தியாகிவிடும். எயின்ஸ்போர்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால்தான் குண்டுகள் ஒன்றுகூடி விழுந்தன. ஒரே கொள்ளளவுக்கு ஸ்விஸ் எடை அதிகம். அதனால் ஒன்றுக்குக் கண்டுபிடித்த கணக்கை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது. என் அளவுகளை இங்கே எழுதாததற்கும் இதுதான் காரணம்.

முதல் சோதனை மே மாதம், முந்தின இரவு மழை பெய்த ஒரு காலையில். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை இருபது அடி தள்ளி வைத்தேன், பக்கத்தில் வைத்தால் புகையையும் வில்லையையும் குண்டென்று எண்ணிவிடும். ஒவ்வொரு மருந்திலும் ஐந்து தோட்டா, பிறகு குழலைத் துடைத்தல், மறுபடி ஐந்து. மூன்றும் நன்றாகவே சுட்டன. விலை குறைந்ததும் மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. அப்படியானால் எதற்குக் கூடுதல் காசு? அதிலேயே நூறு தோட்டா நிரப்பிக்கொண்டு ஜூனில் ராட்டனுக்குப் போனேன்.

ராட்டன் ஆறாயிரம் அடிக்கு மேலே. அன்று உதடு வெடிக்கிற வறட்சி. ஏழாவது தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் போக மறுத்தது. கட்டைவிரலால் அமுக்கி ஏற்றினேன். எட்டாவது குண்டு கடாவுக்கு இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியது. ஒன்பதாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. பத்துக் கடாவில் விழுந்தவை இரண்டு. மனசு விட்டுப்போயிற்று.

எங்கள் கிளப்பின் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், என் குழலின் வாயை விரலால் தொட்டுப் பார்த்தார். "காய்ஞ்சு கிடக்கு தம்பி. சோதனை பண்ணப்போ துடைக்காம எத்தனை சுட்டே?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "ஐஞ்சுல எல்லா மருந்தும் நல்ல மருந்துதான்" என்றார்.

கருமருந்து எரிந்த பிறகு பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையாகப் போகும், மீதி குழலுக்குள் கரியாகப் படியும். அந்தக் கரி ஈரமாக இருக்கும் வரை அடுத்த குண்டு அதைத் தள்ளிக்கொண்டு போகும். காய்ந்துவிட்டால் ஓடு போல இறுகி, மெத்தென்ற ஈயத்தைச் சுரண்டும். நான் சோதித்த நாளில் காற்றில் இருந்த ஈரம் என் மருந்துக்கு உதவி செய்திருக்கிறது, எனக்கு அது தெரியவில்லை.

ஜூலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை வேண்டுமென்றே வறண்ட மதியங்களைத் தேர்ந்தெடுத்தேன். துடைக்காமல் தொடர்ந்து பதினைந்து. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஊதுகுழல் மட்டும். காலி உறையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அறையில் வைத்து, குழலுக்குள் மூச்சு விடுவதுதான் அது. ஊதாங்குழலால் அடுப்பை ஊதுவது போல வேகமாக ஊதினால் பலன் இல்லை. கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவோமே, அந்த மாதிரி நீளமான, வெதுவெதுப்பான மூச்சு. மூன்று மூச்சு போதவில்லை, ஐந்து தேவைப்பட்டது.

பதினைந்து முடிந்ததும் ஈரத்துணியைக் குழலுக்குள் தள்ளிப் பார்த்ததுதான் உண்மையான தீர்ப்பு. விலை குறைந்ததில் துணி நடுவழியில் நறநறவென்று சிக்கியது, வெளியே வந்தபோது மணல் போன்ற செதில்கள். எயின்ஸ்போர்டில் சிக்கவில்லை, கொஞ்சம் கனமாக நகர்ந்தது. ஸ்விஸில் வழுக்கிக்கொண்டு போய், மை தோய்ந்த துணி போல வந்து விழுந்தது. குழலின் வாயைச் சுற்றி, குண்டின் பள்ளத்தில் நான் அடைத்த தேன்மெழுகு மசகு நட்சத்திர வடிவில் ஈரமாகப் படிந்திருந்தது. மசகு கடைசி அங்குலம் வரை தாக்குப்பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

வேகமானியும் அதையே சொன்னது. ஸ்விஸில் பதினைந்து குண்டிலும் மிக வேகமானதற்கும் மிக மந்தமானதற்கும் உள்ள வித்தியாசம் வினாடிக்கு 20 அடிக்குள் அடங்கியது. விலை குறைந்ததில் பத்துக்குப் பிறகு 40 அடியைத் தாண்டியது. 30 அடி வித்தியாசமே 500 மீட்டரில் குண்டை ஏறக்குறைய ஒரு முழம் மேலேயோ கீழேயோ கொண்டுபோய்விடும். பிரைமரின் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) மேல் ஒரு மெல்லிய செய்தித்தாள் வட்டம் வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் இன்னும் சுருங்கியது.

ஸ்விஸ் ஒன்றரையில் நின்றேன். காசு அதிகம்தான். ஆனால் வாரத்துக்கு அறுபது தோட்டாவுக்கு மேல் நான் சுடுவதில்லை. சுட்ட உறைகளை மைதானத்திலேயே சோப்புத் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டுவிடுகிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பித்தளையில் பச்சை பூத்துவிடுகிறது.

ஆகஸ்டில் மறுபடி ராட்டன். அதே வறட்சி. பத்தாவது கடா. ஐந்து மூச்சு விட்டேன், தோட்டா விரல் நுனியால் தள்ளியதும் உள்ளே போயிற்று. சுட்டதும் எதிரே வெள்ளைப் புகை, அதிர்வேட்டு வாசனை, ஒன்றுமே தெரியவில்லை. குண்டு போய்ச் சேர ஒன்றரை வினாடிக்கு மேல், சத்தம் திரும்பி வர இன்னும் அதே அளவு. புகைக்குள் காத்திருந்தேன். தூரத்தில் கோயில் மணியை ஒரே ஒரு தரம் தட்டியது போல் கேட்டது. தொலைநோக்கியில் கண் வைத்திருந்த பெரியவர், "விழுந்துருச்சு" என்றார்.