நடந்தே போகும் வண்டு

இரண்டு நாளாகச் சாண வண்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை, அதனால் இங்கே.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வடகிழக்குக் கரையோர மழைக்காட்டு மலைகளில் டெம்னோப்ளெக்ட்ரான் என்றொரு வண்டுப் பேரினம் (பெயரைச் சொல்லிப் பழகவே அரை நாள் ஆனது). அதில் சில இனங்களுக்குப் பறக்க வராது. எங்கே போவதானாலும் நடைதான்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், அங்கே மழை குறைந்தது. அந்தப் பக்கத்திலேயே இருக்கும் லிஞ்ச் என்ற பழைய எரிமலைப் பள்ளத்தின் சேற்றில் படிந்த மகரந்தம் அதற்குச் சாட்சி: மழைக்காட்டு மரங்கள் பின்வாங்க, யூகலிப்டஸ் ஏறி வந்திருக்கிறது. ஈரம் மிச்சமிருந்த மலைச்சரிவுகளில் மழைக்காடு ஒண்டிக்கொண்டது, வண்டும் கூடவே. நடுவில் கிடந்த காய்ந்த காடு அதற்குக் கடல்தான். இப்படிச் சுருங்கி விரிந்தது ஒருமுறை அல்ல. பனியுகம் தோறும் இதே கதை.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காடு திரும்பிவிட்டது. வண்டுகளின் டி.என்.ஏ.வில் மட்டும் பழைய பிரிவினை அழியவில்லை; மலைக்கு மலை தனி வம்சம். பக்கத்து மலைக்கு ஒரு நடை போய்வர இன்னும் மனம் வரவில்லை போலும்.