சாமான் அறையைக் காலி செய்த கதை

எங்கள் வீட்டில் குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவோம். மூத்தவனுக்கு ஆட்டிசம், வயது 13. மிக்சி, விசில், எதிர்வீட்டில் டிரில் போடும் சத்தம், எது கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். சின்னவனாக இருந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன். இப்போது என்னைவிட உயரம். 44 கிலோ.

முதலில் ஒரு தெரபி மையத்தில் சேர்த்தோம். சென்சரி ரூம் (கண், காது, தொடுதல் போன்ற புலன்களுக்கான அறை) இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய பெருமை. நீல வெளிச்சம், ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் நீர்க்குமிழிகள், நிறம் மாறும் ஒளியிழைகள், கூடவே இசை. 45 நிமிடத்துக்குத் தனிக் கட்டணம். முதல் நாளே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். பையன் தரைமெத்தையைத் தூக்கி அதற்கடியில் புகுந்துகொண்டான். "பழகிடுவான்" என்றார்கள். ஆறு வாரம் போனோம். ஆட்டோ அந்தத் தெருவில் திரும்பினாலே அழ ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். பணம் போனதைவிட, அந்த ஆறு வாரம் அவனை இழுத்துக்கொண்டு போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக ஒரு ஓ.டி. மேடம் கிடைத்தார் (அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் ஒக்குபேஷனல் தெரபிஸ்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா பார்த்தார். நீளமான கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு நோட்டு போட்டு எழுதவும் சொன்னார்: கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, எதனால் அடங்கினான், எவ்வளவு நேரம் ஆனது. அதைப் படித்துவிட்டு, "இவனுக்குக் காதும் கண்ணும் சீக்கிரம் நிரம்பிடும். தசைக்கும் மூட்டுக்கும் எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது" என்றார். அரிசி மூட்டையை இழுப்பதும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துகொள்வதும் ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குத் தேவை வெளிச்சமும் குமிழியும் இல்லை. அழுத்தமும் பாரமும் ஊஞ்சலும்தான்.

அதற்குப் பிறகுதான் இந்த சென்சரி ரூம்களைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 1970-களில் நெதர்லாந்தில் ஹுல்செக், வெர்ஹுல் என்ற இரண்டு தெரபிஸ்டுகள் 'ஸ்னூஸலன்' என்ற பெயரில் இதை வளர்த்தெடுத்தார்கள். முகர்ந்து பார்ப்பது, கண்ணயர்வது என்ற இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டிய பெயர். பாடமோ பயிற்சியோ இல்லாமல் அவரவர் விருப்பப்படி இருக்க ஓர் இடம், அவ்வளவுதான். 2021-ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 4 முதல் 12 வயது வரை உள்ள 41 ஆட்டிசக் குழந்தைகளை இப்படிப்பட்ட அறையில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கருவிகளைக் குழந்தையே இயக்க முடிந்தபோது கவனம் கூடியது. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளும் ஒலிகளும் குறைந்தன. நாங்கள் போன இடத்தில் எல்லா சுவிட்சும் பெரியவர்கள் கையில்தான் இருந்தது.

சரி, வீட்டிலேயே செய்வோம் என்று முடிவெடுத்தோம். இருந்தது எட்டுக்கு ஆறடி சாமான் அறை. பித்தளை அண்டா, கொலுப்படி, என் கல்யாணப் பெட்டி எல்லாம் பரணுக்குப் போயின. மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.

கொக்கிதான் பெரிய வேலை. ஃபேன் மாட்டும் கொக்கியில் ஊஞ்சல் தொங்கவிடக்கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். கான்கிரீட்டில் துளைபோட்டு ஆங்கர் போல்ட் இறக்கி, என் கணவரும் அவரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். டிரில் போட்ட அன்று பையன் ஆச்சி வீட்டில் இருந்தான். பழைய சேலையில் தூளி கட்டினால் இந்த எடைக்குத் தாங்காது. இழுத்தால் நீளும் லைக்ரா துணியை இரட்டையாக மடித்துக் கட்டினோம். முன்னும் பின்னுமாக ஆடினால் அடங்குவான், சுற்றினால் கிளர்ந்துவிடுவான். சுற்றும்போது முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மேடம்.

பாரமான போர்வைக்கு டெய்லரிடம் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து வாங்கி, 4 கிலோ புளியங்கொட்டை போட்டேன். செலவில்லை என்று எனக்கே என்மேல் பெருமை. மூன்றாம் மாதம் வண்டு வந்துவிட்டது. இப்போது மீன்தொட்டிக்குப் போடும் பொடிக்கல்தான். போர்வையைத் தானாகவே தள்ளிவிட அவனால் முடிய வேண்டும், முகத்தின் மேல் போடவே கூடாது. இந்த இரண்டில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வெளிச்சத்துக்கு மஞ்சள் எல்.இ.டி. சரம் ஒன்று. கூட்டிக் குறைக்கும் ரிமோட் அவனிடமே இருக்கும். இசை கிடையாது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கெடுத்தது நான்தான். ஒருநாள் தங்கையை அடித்துவிட்டான் என்று, "போ உள்ளே" என்று தள்ளிக் கதவைச் சாத்தினேன். பத்து நாள் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. "அதை ஜெயிலாக்கிட்டீங்களே" என்றார் மேடம். தாழ்ப்பாளைக் கழற்றி, கதவையும் எடுத்துவிட்டுத் திரை போட்டோம். நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்திருப்பேன், அவன் வாசலில் நின்று பார்ப்பான். பதினோராம் நாள் வந்து, போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான். அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் தூளியில் ஏறினான்.

எட்டு மாதம் ஆகிறது. பேச்சு கூடவில்லை, மிக்சிக்கு இன்னும் காதைப் பொத்துகிறான். இந்த அறையால் ஆட்டிசம் 'சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஆனால் நோட்டில் இருக்கிறது: முன்பு அடங்க ஒரு மணி நேரம் ஆகும், இப்போது பெரும்பாலும் இருபது நிமிடம். பல நாள் மோதுவதற்கு முன்பே தானாக எழுந்து போய்விடுகிறான்.

மாமியார் மதியம் அங்கேதான் படுக்கிறார். சத்தமில்லாத ஒரே இடம் அதுதானாம். பையன் வந்து நின்றால் எழுந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். போன வாரம் உள்ளே போனவன், அவர் தூங்குவதைப் பார்த்து ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வெளியே வந்தான்.