கிணத்து மோட்டார் மாதிரி கத்துன பிக்கப்பு: வீட்டுக் களத்துலயே ஸ்டேரிங் ஆயில் மாத்துனது

போன மாசம் ஒரு நாள் விடிகாலை மூணு மணி இருக்கும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி ஏத்திட்டு வண்டிய வாசல்ல வச்சு திருப்பிட்டு இருந்தேன், திண்ணையில உக்காந்திருந்த அம்மா "ஏண்டா, வண்டி என்ன கிணத்து மோட்டார் காத்து இழுக்குற மாதிரி கத்துது"ன்னு கேட்டாங்க. பெல்ட்டு சத்தமா இருக்கும்மான்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன். ஆனா போற வழி பூரா அதே நெனப்பு தான். ஏன்னா அம்மா சொன்னது அச்சு அசல் அந்த சத்தமே தான், ஸ்டேரிங்க ஒரு பக்கம் ஒடிக்கிறப்ப மட்டும் ஒரு முனகல், நேரா வந்ததும் அடங்கிரும். கிணத்து மோட்டாரோடயே காலம் தள்ளுனவங்க காது தப்பாதுன்னு எனக்கு தெரியும்.

சாயங்காலம் வந்து பானெட்ட தூக்கி பாத்தா அவங்க சொன்னது தான் சரி. பவர் ஸ்டேரிங்கே ஒரு கிணத்து மோட்டார் செட்டு மாதிரி தான். ஸ்டேரிங் ஆயில் நிக்கிற டப்பா தான் கிணறு. இஞ்சின் பெல்ட்டு சுத்த வைக்கிற பம்பு தான் மோட்டாரு. டப்பால இருந்து தடியா ஒரு ஹோஸ் பம்புக்கு போகும், பம்புல இருந்து பிரஷர் லைன் கீழ ஸ்டேரிங் கியருக்கு போய் வீல தள்ளும், வேலை முடிஞ்ச ஆயில் இன்னொரு ஹோஸ் வழியா டப்பாவுக்கே திரும்பி வந்துரும். டப்பாவுல லெவல் இறங்குனாலோ, உள்ள இருக்குற ஜல்லடையில அழுக்கு அடைச்சாலோ, பம்பு ஆயிலோட சேத்து காத்தையும் இழுக்கும், அப்ப தான் அந்த முனகல். கிணத்து மோட்டாரு காத்து இழுத்தா தண்ணி வராது. இங்க அந்த ஆயில் தான் பம்புக்கு வழுவழுப்பும், அது இல்லாம ஓடுனா பம்பு தன்னைத்தானே தேச்சு தின்னுரும். முழுசா ஒடிச்சு புடிக்கிறப்ப அந்த லைனுக்குள்ள 80, 100 பார் வரைக்கும் பிரஷர் ஏறும், லோடு ஏத்துற நம்ம பின் டயருக்கு அடிக்கிற காத்தே 4, 5 பார் தான், அப்ப அந்த ஆயில் என்ன பாடு படுதுன்னு யோசிச்சு பாருங்க.

மூடிய தொறந்து விரல்ல தொட்டு வெளிச்சத்துல பாத்தேன். புதுசா இருக்குறப்ப ரோஸ் சிரப்பு கலர்ல இருக்க வேண்டியது, கருப்பட்டி காப்பி மாதிரி இருந்துச்சு, கருகுன வாடை வேற. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு தேச்சா சாம்பல் மாதிரி நைசா ஒரு பசை ஒட்டுச்சு, ஆனா மினுமினுன்னு இரும்புத்தூள் இல்ல. அது வரைக்கும் நல்லது. தூள் மின்னுச்சுன்னா பம்பு தேய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், ஆயில் மாத்துறதோட வேலை முடியாது.

வண்டி வாங்கி ஏழு வருஷம். இஞ்சின் ஆயில் ஒரு தடவ கூட நாள் தள்ளி மாத்துனது இல்ல, கிரீஸ் அடிக்கிறது, ஏர் ஃபில்டர் ஊதுறது எல்லாம் முறையா நடக்கும். ஸ்டேரிங் ஆயில கேட்டா ஒரு பட்டறையில "அதெல்லாம் லைஃப் டைம்ணே, கொறஞ்சா ஊத்துனா போதும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். நாள் பூரா நம்ம கை இருக்குறது அந்த ஸ்டேரிங்ல தான், லோடோட மலைப்பாதை வளைவுல ஒடிக்கிறப்ப நம்ம உயிரும் பக்கத்துல உக்காந்திருக்குறவன் உயிரும் அதுல தான் இருக்கு, அதுக்குள்ள ஓடுற ஒரு லிட்டர் ஆயில யாரும் திரும்பி பாக்குறதில்ல.

சரி, எந்த ஆயில். இதுல தான் நெறைய பேரு தப்பு பண்றாங்க. சில வண்டிக்கு டப்பா மூடியிலயே எழுதியிருக்கும், இல்லன்னா வண்டியோட குடுத்த புக்குல பாருங்க. என் வண்டிக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயில், அதுல டெக்ஸ்ரான்னு ஒரு வகை. சில கார்ல பச்சை கலர் சிந்தடிக் ஆயில் வரும், அதுல இத கலக்கக்கூடாது. எத வேணா மறங்க, பிரேக் ஆயில மட்டும் இதுல ஊத்திறாதீங்க. ரெண்டும் வேற வேற ஜாதி, பிரேக் ஆயில் பட்டா ஸ்டேரிங் உள்ள இருக்குற ரப்பர் சீல் எல்லாம் ஊதி கெட்டுப்போகும். எங்க லைன்ல ஓடுற ஒரு பையன் ராத்திரி அவசரத்துக்கு கையில இருந்த பிரேக் ஆயில ஊத்தி, கடைசியில பம்பு, கியர் ரெண்டையும் கழட்டுற நெலமைக்கு போயிட்டான். இன்னொன்னு, இப்ப வர்ற பல வண்டியில எலக்ட்ரிக் ஸ்டேரிங், அதுல ஆயிலே கெடையாது, டப்பா எங்கன்னு தேடாதீங்க.

ஞாயித்துக்கிழமை லோடு இல்ல. வண்டிய களத்துக்கு கொண்டு போனேன், சிமெண்ட்டு தரைன்னால ஜாக்கி புதையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயரு ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கல்லு முட்டு குடுத்து, முன்பக்கம் ரெண்டு சக்கரமும் தரையில படாத அளவுக்கு தூக்கி ஸ்டாண்டுல உக்கார வச்சேன். வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு கீழ தலைய விடவே விடாதீங்க. சக்கரத்த ஏன் தூக்கணும்னா, இஞ்சின் ஆஃப்ல ஸ்டேரிங்க சுத்தணும், டயர் தரையில இருந்தா கை ஒடஞ்சிரும்.

மெடிக்கல்ல வாங்குன 50 மில்லி சிரிஞ்சுல ஒரு துண்டு டியூப் மாட்டி டப்பால இருந்த பழைய ஆயில முதல்ல உறிஞ்சி எடுத்தேன். அப்புறம் டப்பாவுக்கு திரும்பி வர்ற ஹோஸ கழட்டணும். ரெண்டு ஹோஸ்ல தடியா இருக்குறது பம்புக்கு போறது, ஒல்லியா இருக்குறது தான் ரிட்டர்ன், ஆனாலும் கையால தடவி எது எங்க போகுதுன்னு பாத்துட்டே கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பெல்ட்டு மேல ஒரு பாலித்தீன் கவர போட்டு மூடிட்டேன், பெல்ட்டுல ஆயில் பட்டா வழுக்கும். ஹோஸ் கழண்டதும் டப்பாவுல ஒரு மூக்கு தொறந்து கெடக்கும், அத அடைக்கலேன்னா ஊத்துற புது ஆயில் பூரா அது வழியா கொட்டிரும். அதுக்குன்னு ஒரு மூடி கடையில தேடாம, தோட்டத்துல கெடந்த சொட்டுநீர் டியூப்ல ஒரு சாண் வெட்டி மூக்குல சொருகி கிளிப்பு போட்டு, மறு நுனிய ரெண்டா மடிச்சு கம்பியால கட்டிட்டேன், சொட்டுநீர் லைன் கடைசியில நம்ம கட்டுவோமே அதே கட்டு. ஒரு சொட்டு ஒழுகல. கழட்டுன ரிட்டர்ன் ஹோஸ ஒரு ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல விட்டேன்.

இனிமே ரெண்டு ஆளு வேலை. ஒருத்தர் ஆயில் ஊத்தணும், ஒருத்தர் ஸ்டேரிங் சுத்தணும். வீட்ல அம்மா மட்டும் தான் இருந்தாங்க. "நான் எங்கடா இதுல"ன்னாங்க, அப்புறம் சேலைய இழுத்து சொருகிட்டு ஏறி உக்காந்துட்டாங்க. ஏழு வருஷமா பக்கத்து சீட்டுல கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவங்க, டிரைவர் சீட்டுல உக்காந்தது அன்னிக்கு தான். சாவிய ஒரு கட்டம் திருப்பி வச்சா தான் ஸ்டேரிங் லாக் விடும், இஞ்சின ஸ்டார்ட் பண்ணக்கூடாது. "இடது பக்கம் கடைசி வரைக்கும், மெதுவா, இப்ப வலது பக்கம்"னு நான் சொல்ல சொல்ல அம்மா ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சு சுத்துனாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஹோஸ்ல இருந்து கருப்பா கொழகொழன்னு பாட்டில்ல வந்து விழுகுது. டப்பால லெவல் எறங்க எறங்க நான் புது ஆயில ஊத்திட்டே இருந்தேன், டப்பா காலியாக விட்டுறக்கூடாது, விட்டா காத்து புகுந்துரும். சில பேரு இஞ்சின ஓட விட்டே இத பண்ணுவாங்க, பம்பு வேகத்துக்கு டப்பா கண் மூடி தொறக்குறதுக்குள்ள காலியாயிரும், எனக்கு அந்த முறையில நம்பிக்கை இல்ல. முக்கால் லிட்டர் போனப்புறம் கருப்புல செவப்பு ஒரு நூல் மாதிரி ஓட ஆரம்பிச்சுச்சு, கொஞ்ச நேரத்துல பூராவும் செவப்பு. அம்மாவ கூப்பிட்டு காட்டுனேன், எறங்கி வந்து பாட்டில தூக்கி பாத்துட்டு "இவ்வளவு அழுக்கோடயா ஓட்டிட்டு இருந்த"ன்னாங்க. மொத்தம் ஒன்றரை லிட்டர் செலவாச்சு.

ஹோஸ திரும்ப மாட்டி கிளிப்ப போட்டாச்சு, ஆனா இப்பவே ஸ்டார்ட் பண்ணக்கூடாது, காத்து எடுக்கணும். மோட்டாருக்கு தண்ணி ஊத்தி காத்து எடுக்காம சுச்ச போட மாட்டோம்ல, அதே தான். மூடிய தொறந்து வச்சு, இஞ்சின் ஆஃப்லயே இருபது தடவ இந்த கடைசிக்கும் அந்த கடைசிக்கும் மெதுவா சுத்த சொன்னேன். டப்பாவுல குமிழி குமிழியா மேல வரும், லெவல் எறங்கும், ஊத்தணும். குமிழி நின்னப்புறம் அம்மாவ எறக்கி விட்டுட்டு நான் ஏறி ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் பண்ணாம ஐடில்ல வச்சு மெதுவா ரெண்டு பக்கமும் ஒடிச்சேன். கடைசியில போய் ஒடிச்சு புடிச்சிட்டு நிக்காதீங்க, அஞ்சு செகண்டுக்கு மேல வேணாம், ஆயில் கொதிச்சு பம்புக்கு தான் கேடு. ஆயில் நுரைச்சு பால் மாதிரி வெளுத்தா இன்னும் காத்து இருக்கு, இஞ்சின ஆஃப் பண்ணி அரை மணி நேரம் ஆற விட்டு திரும்ப பண்ணணும். எனக்கு ஒரு தடவ அப்பிடி ஆறப்போட வேண்டி வந்துச்சு. ரெண்டாவது தடவ வண்டிய எறக்கி தரையில வச்சே ஒடிச்சேன், சத்தம் துளி கூட இல்ல, ஒத்தை விரல்ல சுத்துது.

இந்த பவர் ஸ்டேரிங் நமக்கு வந்ததே லாரி புண்ணியத்துல தான். பிரான்சிஸ் டேவிஸ்னு ஒரு அமெரிக்க இஞ்சினியரு, பியர்ஸ்-ஆரோ கம்பெனியில டிரக் பிரிவுல இருந்தவரு, பெரிய வண்டிய திருப்ப டிரைவருங்க படுற பாட்ட பாத்து 1920கள்லயே ஆயில் பிரஷர்ல ஓடுற ஸ்டேரிங்க செஞ்சு காட்டிட்டாரு. ஆனா விக்கிற கார்ல அது வந்தது 1951ல, கிரைஸ்லர் இம்பீரியல்ல. எங்க சித்தப்பா பவர் ஸ்டேரிங் இல்லாத லாரி இருபது வருஷம் ஓட்டுனவரு, இப்பவும் வலது கைய தோளுக்கு மேல தூக்க மாட்டாரு. அத தெனமும் பாக்குறவன் நான், அதனால தான் இத இவ்வளவு எழுதுறேன்.

பழைய ஆயில மண்ணுல ஊத்தாதீங்க, தென்னைக்கு ஊத்துனா பூச்சி வராதுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அத கேக்காதீங்க, அது ஊறி கடைசியில நம்ம கிணத்துக்குத்தான் வரும். பாட்டில மூடி, பட்டறையில கழிவு ஆயில் எடுக்குறவங்க கிட்ட குடுத்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி வண்டிக்கு கீழ ஒரு தக்காளி பெட்டி அட்டைய விரிச்சு வச்சேன். காலையில பாத்தா செவப்பா ஒத்த சொட்டு, ரிட்டர்ன் ஹோஸுக்கு நேர் கீழ. பழைய ஸ்பிரிங் கிளிப்பு புடிப்பு விட்டிருந்துச்சு, திருகு போட்ட கிளிப்பா மாத்தி முறுக்குனேன். அடுத்த நாள் மூணு மணிக்கு டார்ச்சு அடிச்சு பாத்தப்ப அட்டை காஞ்சு கெடந்துச்சு. வண்டிய எடுத்து வாசல்ல திருப்புனேன், அம்மா திண்ணையில இருந்து எதுவும் கேக்கல.