பெரிய கோயில் விமானத்தைப் போன் வைத்து அளப்பது எப்படி?

பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணம் (உச்சியைப் பார்க்கக் கண் மேலே உயரும் கோணம்) வந்தால் கரும்பலகையில் ஒரு தென்னை மரம் வரைந்து கணக்கை முடித்துவிடுகிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அது எதற்கு? பெரிய கோயிலில் கருவறைக்கு மேல் எழும் விமானம், 216 அடி, ஏறக்குறைய 66 மீட்டர், பக்கத்திலேயே நிற்கிறது.

ஏஆர், அதாவது கேமராக் காட்சியின்மேல் கணினி உருவங்களைச் சேர்க்கும் நுட்பம், என்றதும் கேமராவில் ராஜராஜனை யானைமேல் வரவைக்கும் ஆப்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் பொம்மையைப் பார்ப்பார்கள், கோயில் பின்னால் கிடக்கும்.

நாலு பேர் குழுவுக்கு ஒரு போன், 30 மீட்டர் டேப், ஒரு ஸ்ட்ரா போதும். போன் சென்சார்களால் அளக்கும் ஃபைபாக்ஸ் (phyphox) ஆப் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். அதில் சாய்வு காட்டும் பகுதி உண்டு. போனின் நீள விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, அதன் வழியே கலசத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்க்க, இன்னொருவர் கோணத்தைப் படிக்கட்டும். உறையைக் கழற்றிவிட்டு, முதலில் சமதளத்தில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.

விமானச் சுவரிலிருந்து 35 மீட்டர் தள்ளி நின்றால் கோணம் 52 டிகிரி அளவில் வரும். இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். 35ஐ டேன் 52ஆல் பெருக்கிக் கண் உயரம் 1.4 மீட்டரைக் கூட்டினால் 46 மீட்டர்தான் வரும். கலசம் சுவருக்கு நேர்மேலே இல்லையே! அடிப்பகுதி சுமார் 30 மீட்டர் சதுரம். அதில் பாதி 15ஐயும் சேர்த்து 50 என்று போட்டால்தான் கணக்கு 65ஐத் தாண்டும். கோணத்தில் 1 டிகிரி பிசகினாலே விடை இரண்டு மீட்டருக்கு மேல் நகரும். ஆகவே ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

தூரத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பவேண்டாம். திறந்தவெளியிலேயே ஐந்து மீட்டர் தவறும். விமானத்தை ஒட்டிய சண்டிகேஸ்வரர் சன்னதியில் பாதி வானம் மறைந்து, சிக்னல் கல்லில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி இன்னும் தள்ளிப்போகும். போன் கேமராவிலேயே தூரம் அளக்கும் ஏஆர் டேப்பும் நடக்க நடக்கப் பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும். சாட்டிலைட் படத்தில் அளந்தால் கலசத்தைத் தொடாதீர்கள். உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்திருக்கும், உச்சி அடித்தளத்துக்கு நேராக இராது.

ஓர் இடத்தை நெருங்கியதும் ஜிபிஎஸ் பார்த்துப் போனில் தானே ஒலிக்கும் குறிப்பு வைப்பவர்கள் கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல், நந்தி என்று நாலைந்தோடு நிறுத்துங்கள். குறிப்பு ஒலிக்கவேண்டிய வட்டத்தின் ஆரம் 25 மீட்டருக்குக் குறைந்தால் அது ஒலிக்காமலே போகலாம். நெருக்கமான சன்னதிகளுக்கு க்யூஆர் அட்டைதான் சரி. அதை ஆசிரியர் கையில் வைத்திருக்கட்டும், கல்லில் ஒட்டக் கூடாது.

காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் வெறுங்காலோடு கருங்கல் தரையில் நிற்க முடியாது. மேற்குப் பக்கம் விமானத்தின் நிழலிலேயே நின்று அளக்கலாம், கண்ணும் கூசாது. இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது பிள்ளை சொன்னால், தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.